பைபிள்ல ஒரு பகுதிய குழுவா படிச்சு ப்ராஜெக்ட் பண்றது எப்படி: வேலூர்ல நாங்க ஆறு பேர் ரூத் புத்தகம் படிச்சதுல இருந்து

போன வருஷம் வேலூர்ல ஒரு சாயங்கால வேதாகம வகுப்புல சேர்ந்தேன், வேலைக்கு போறவங்களுக்காக வாரத்துல ரெண்டு நாள் நடக்குற வகுப்பு. கடைசில ஒரு குழு ப்ராஜெக்ட் உண்டு. ஆறு பேர் சேர்ந்து பைபிள்ல ஒரு பகுதிய எடுத்து ஆறு வாரம் படிச்சு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதணும், அது முடிஞ்சதும் ஒவ்வொருத்தரும் தனியா, இந்த வேலைல எனக்கு என்ன ஆச்சு, நான் என்ன கத்துக்கிட்டேன்னு ரெண்டு பக்கம் எழுதி குடுக்கணும். இந்த வருஷம் புதுசா சேர்ந்தவங்க நாலஞ்சு பேர் எப்படி ஆரம்பிக்கிறதுன்னு கேட்டாங்க, ஒவ்வொருத்தருக்கும் போன்ல சொல்றத விட ஒரே தடவையா எழுதிடலாம்னு தோணுச்சு.

எங்க குழுவ பத்தி மொதல்ல சொல்லிடறேன், ஏன்னா பின்னாடி வர்ற எல்லாமே இவங்களால வந்தது தான். குடியாத்தத்துல இருந்து வர்ற சி.எஸ்.ஐ. (தென்னிந்திய திருச்சபை) பொண்ணு, காட்பாடி கத்தோலிக்க தம்பி, ஆம்பூர்ல ஷூ கம்பெனில ஷிப்ட் முடிச்சுட்டு பஸ் புடிச்சு வர்ற பெந்தெகொஸ்தே அண்ணன், ரிட்டயர் ஆன நர்ஸ் அம்மா, முப்பது வருஷம் தமிழ் டீச்சரா இருந்த ஒரு அம்மா, அப்புறம் நான். டீச்சரம்மா இந்து. பைபிள் தமிழ் எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்கணும்னு ஆசைப்பட்டு சேர்ந்தவங்க. குழு பிரிக்கும்போது எல்லாரும் ஒரே சபையா, ஒரே வயசா இருந்தா ஈசியா இருக்கும்னு நெனைப்பீங்க, தயவு செஞ்சு அப்படி பிரிக்காதீங்க, சின்ன வயசுல இருந்து ஒரே பிரசங்கத்த கேட்டு வளர்ந்தவங்க ஆறு பேர் உக்காந்தா ஒருத்தர் சொல்றதுக்கு மத்த அஞ்சு பேரும் தலையாட்டிட்டு எழுந்து போயிடுவோம்.

சின்ன பகுதியா எடுங்க

ஆறு வாரம்னா நெறைய இருக்குற மாதிரி தெரியும், கெடையாது. ஒருத்தருக்கு நைட் ஷிப்ட், ஒருத்தர் வீட்ல கல்யாணம், நடுவுல ஒரு வாரம் மழை, நாலு வாரம் தான் கைல நிக்கும். அதனால ரூத் (4 அதிகாரம், 85 வசனம்), யோனா (4 அதிகாரம், 48 வசனம்), பிலேமோன் (ஒரே அதிகாரம், 25 வசனம்), இல்லன்னா லூக்கா 15ஆம் அதிகாரம் மட்டும் (32 வசனம்), இந்த அளவுல ஏதாவது ஒண்ணு எடுங்க. எங்க வகுப்புல இன்னொரு குழு வெளிப்படுத்தின விசேஷம் எடுத்தாங்க, 22 அதிகாரம், நாலாவது வாரமே ரொம்ப தெணறி போயிட்டாங்க. சின்னதா இருந்தா திரும்ப திரும்ப படிக்கலாம், நாலாவது தடவ படிக்கும்போது தான் நெஜமான கேள்வி வரும்.

நாங்க ரூத் எடுத்தோம். தெரியாதவங்களுக்கு சுருக்கமா: பெத்லகேம்ல பஞ்சம், எலிமெலேக்கு தன் சம்சாரம் நகோமியையும் ரெண்டு பசங்களையும் கூட்டிட்டு மோவாப் தேசத்துக்கு பொழைக்க போறாரு, அவரு செத்து போறாரு, பத்து வருஷம் போல அங்க இருந்ததுல ரெண்டு பசங்களும் செத்து போறாங்க, நகோமி ஊருக்கு திரும்பி வரும்போது மோவாபிய மருமக ரூத் விட மாட்டேன்னு கூடவே வர்றா, வந்து போவாஸ்ங்கிறவரு வயல்ல கதிர் பொறுக்கி மாமியாருக்கு சோறு போடுறா, போவாஸ் அவள கல்யாணம் பண்ணிக்கிறாரு, அந்த வம்சத்துல தான் தாவீது ராஜா பொறக்குறாரு.

பங்கு போட்டுக்காதீங்க

நாங்க செஞ்ச பெரிய தப்பு இது தான். மொத நாளே நாலு அதிகாரம், ஆளுக்கு ஒண்ணு, மீதி ரெண்டு பேர் முன்னுரையும் டைப்பிங்கும்னு பிரிச்சுட்டோம். ரொம்ப நியாயமா பிரிச்ச மாதிரி இருந்துச்சு. மூணாவது வாரம் எல்லாரும் எழுதினத ஒண்ணா வச்சு பாத்தா நாலு தனித்தனி பிரசங்கம் மாதிரி இருந்துச்சு, அதுல ஒண்ணு இன்டர்நெட்ல இருந்து அப்படியே எடுத்து ஒட்டினது. எழுதினவர கேட்டப்ப, "எனக்கு குடுத்தது ஒரு அதிகாரம் தான, முன்னாடி பின்னாடி என்னன்னு தெரியாம நான் என்ன எழுதறது"ன்னாரு. கோவம் வந்துச்சு, ஆனா அவரு சொன்னது உண்மை.

அன்னிக்கு நாலு பேப்பரையும் ஓரமா வச்சுட்டு கோட்டை பார்க்ல அகழி பக்கம் உக்காந்து ரூத் புத்தகத்த மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் சத்தமா படிச்சோம், ஆளுக்கு ஒரு பத்தி, சுத்தி சுத்தி. இருபது நிமிஷம் போல ஆச்சு. முடிச்சதும் குடியாத்தம் பொண்ணு கேட்டா, "அக்கா, ஒண்ணாம் அதிகாரத்துல நகோமி ஊர் பொம்பளைங்க கிட்ட நான் நிறைவா போனேன், கர்த்தர் என்ன வெறுமையா திரும்பி வர வச்சாருன்னு சொல்றாங்களே, அப்போ பக்கத்துல நிக்கிற ரூத் அவங்க கணக்குலயே இல்லையா?" நாலாவது அதிகாரத்த எடுத்து பாத்தோம். அங்க அதே ஊர் பொம்பளைங்க தான், ஏழு பிள்ளைங்கள விட உனக்கு அருமையான மருமகன்னு ரூத்த பத்தி நகோமி கிட்ட சொல்றாங்க. ஒண்ணாவதுல கேட்ட அழுகைக்கு நாலாவதுல பதில் இருக்கு. நாங்க ஒண்ணாவது அதிகாரத்த ஒருத்தருக்கும் நாலாவத இன்னொருத்தருக்கும் குடுத்திருந்தோம், ரெண்டு பேருக்குமே இது தெரியவே இல்ல.

அதனால மொத ரெண்டு வாரம் யாருக்கும் எந்த வேலையும் பிரிக்காதீங்க. எல்லாரும் முழுசா படிங்க, சத்தமா, ஒரே எடத்துல உக்காந்து. முடிஞ்சா மூணு தடவ. எழுதுற வேலைய பின்னாடி பிரிச்சுக்கலாம், படிக்கிற வேலைய பிரிக்கவே முடியாது.

இதுக்கு ஒரு சின்ன ஏற்பாடு பண்ணுங்க. வசனம் மட்டும் பெருசா, வரிக்கு வரி எடம் விட்டு, ஓரத்துல அகலமா காலி விட்டு பிரிண்ட் எடுத்து ஆளுக்கு ஒரு ஜெராக்ஸ். பைபிள்ல கிறுக்க நெறைய பேருக்கு மனசு வராது, எங்க நர்ஸ் அம்மா பென்சில கைல வச்சுட்டு அப்படியே உக்காந்திருந்தாங்க, ஜெராக்ஸ் குடுத்ததுக்கு அப்புறம் தான் எழுதவே ஆரம்பிச்சாங்க.

ரெண்டு மொழிபெயர்ப்பாவது பக்கத்துல வையுங்க

நம்ம புராட்டஸ்டண்ட் சபைகள்ல படிக்கிற பழைய பைபிள் 1871ல ஹென்றி பவர் தலைமைல ஒரு குழு முடிச்ச மொழிபெயர்ப்போட வழில வந்தது, கத்தோலிக்க தம்பி கொண்டு வந்தது 1995ல வந்த திருவிவிலியம், பொது மொழிபெயர்ப்பு. இதுல ரூத், அதுல ரூத்து, இதுல போவாஸ், அதுல போவாசு, பேர்லயே மாறும். புத்தக எண்ணிக்கையும் மாறும், நம்மளுது 66, அவங்களுது 73. மொத நாள் ஒரு பத்து நிமிஷம் இதுக்கே போகும், எது சரின்னு சண்டைக்கு போகாம ரெண்டையும் பக்கத்து பக்கத்துல வச்சு எங்கெல்லாம் வார்த்தை வேற வேறயா இருக்கோ அங்க கோடு போடுங்க, கேள்வி அங்க தான் இருக்கும்.

எங்களுக்கு அப்படி கெடச்ச வார்த்தை தான் "சுதந்தரவாளி". மூணாவது அதிகாரத்துல, போவாஸ் கதிரடிக்கிற களத்துல படுத்திருக்கிற ராத்திரி ரூத் அங்க போய் அவரு கிட்ட "நீர் சுதந்தரவாளி"ன்னு சொல்றா. இத்தன வருஷமா நான் அத சுதந்திரமான ஆளு, விடுதலை குடுக்குறவருன்னே நெனச்சுட்டு இருந்தேன். ஆம்பூர் அண்ணனும் அப்படி தான், அதுல ஒரு பிரசங்கமே கேட்டிருக்கேன்னாரு. டீச்சரம்மா தான், "இது நீங்க நெனைக்கிற சுதந்திரம் இல்லப்பா, பழைய எழுத்துல சுதந்தரம்னா பரம்பரையா வர்ற சொத்துரிமை, சுதந்தரவாளின்னா அந்த உரிமை உள்ளவர்"ன்னு சொன்னாங்க. எபிரெயத்துல அங்க இருக்குற வார்த்தை கோயேல், குடும்பத்துல ஒருத்தர் நொடிச்சு போனா அவங்க நெலத்தையும் ஆளையும் மீட்டுக் குடுக்க கடமைப்பட்ட நெருங்கின சொந்தக்காரர். இது தெரிஞ்சதும் மூணாவது அதிகாரம் மொத்தமா வேற மாதிரி ஆயிடுச்சு. ரூத் அங்க வெறுமனே ஒரு ஆம்பளைய தேடி போகல, எங்க குடும்பத்துக்கு நீ செய்ய வேண்டிய கடமை ஒண்ணு இருக்குன்னு உரிமையா கேக்க போறா.

குழுல பைபிள் அதிகம் படிக்காத ஒருத்தர் இருந்தா அவங்கள பார்வையாளரா உக்கார வச்சுடாதீங்க. பதில் முன்னாடியே தெரிஞ்சவங்களுக்கு கேள்வி வராது.

எடை, அளவு, சாப்பாடு எல்லாத்தையும் கையால பாருங்க

இது எனக்கு ரொம்ப புடிச்ச பகுதி. ரூத் சாயங்காலம் வரைக்கும் பொறுக்கி தட்டினது "ஏறக்குறைய ஒரு மரக்கால் வாற்கோதுமை"ன்னு இருக்கு. நாங்க எல்லாரும் சரி ஏதோ கொஞ்சம்னு தாண்டி போயிட்டோம். குடியாத்தம் பொண்ணு அவங்க ஆயா வீட்ல இருந்து பழைய இரும்பு மரக்கால பையில போட்டு தூக்கிட்டு வந்துட்டா! மூலத்துல இருக்குற அளவு எப்பா, ஏறக்குறைய 22 லிட்டர்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க, மரக்கால் ஊருக்கு ஊர் மாறும், அவங்க ஆயா மரக்கால் அதுல பாதிகிட்ட தான் வந்துச்சு. அப்போ ரூத் தட்டினது, நம்ம வீட்டுக்கு வர்ற 20 லிட்டர் தண்ணி கேன் இருக்குல்ல, அத விட கொஞ்சம் கூட, எடை போட்டா பதிமூணு கிலோ போல. ஒரு நாள் முழுக்க வெயில்ல குனிஞ்சு குனிஞ்சு பொறுக்கி, தானே தட்டி, அவ்ளோத்தையும் தூக்கிட்டு ஊருக்குள்ள நடந்து போயிருக்கா. மாமியார் பாத்துட்டு இன்னிக்கு எங்க பொறுக்கினன்னு கேக்குறாங்களே, சும்மா பேச்சுக்கு கேட்டது இல்ல அது, அசந்து போய் கேட்டது.

கதிர் பொறுக்குறதும் சும்மா போவாஸோட நல்ல மனசு மட்டும் இல்ல. லேவியராகமம் 19, உபாகமம் 24 எடுத்து பாருங்க, வயலோட ஓரத்த ஒட்ட அறுக்காத, விழுந்தத பொறுக்காத, அது ஏழைக்கும் அந்நியருக்கும் திக்கற்றவங்களுக்கும் விதவைக்கும்னு சட்டமே இருக்கு. நம்ம பக்கத்துல மல்லாட்டை (வேர்க்கடலை) புடுங்கின கொல்லைல விட்டு போன காய பொறுக்க பொம்பளைங்களும் பசங்களும் போவாங்க, எங்க அம்மா சின்ன வயசுல போயிருக்காங்க, சில கொல்லைக்காரங்க விடுவாங்க, சில பேர் வெரட்டுவாங்களாம். ரெண்டாவது அதிகாரத்துல ரூத்த யாரும் தொடக்கூடாதுன்னு போவாஸ் ஆளுங்களுக்கு சொல்லி வைக்கிறது ஏன்னு எங்க அம்மாவுக்கு விளக்கவே வேண்டியிருக்கல.

அதே போவாஸ் ரூத்த சாப்பிட கூப்பிட்டு "காடியிலே" தோய்ச்சுக்கோன்னு சொல்றாரு. நாங்க ஊர்ல புளிச்ச கஞ்சிய நெனச்சோம். மூலத்துல அது திராட்சைல இருந்து வர்ற புளிக்காடி, அதாவது வினிகர். இங்க தான் ஜாக்கிரதையா இருக்கணும், நம்ம ஊர் ஞாபகம் வர்றது நல்லது, ஆனா அது பெத்லகேம் இல்ல. நாங்க நோட்ல நடுவுல கோடு போட்டு ஒரு பக்கம் "அங்க", இன்னொரு பக்கம் "இங்க"ன்னு எழுதினோம். நாலாவது அதிகாரத்துல நகோமி குடும்பத்து நெலத்த யாரு மீட்குறதுன்னு ஊர் வாசல்ல பத்து மூப்பர உக்கார வச்சு செருப்ப கழட்டி குடுத்து முடிக்கிற வழக்கு "அங்க". நம்ம ஊர் பஞ்சாயத்து "இங்க". ரெண்டும் ஒண்ணு இல்ல, ஆனா பக்கத்துல வச்சு பாத்தா எது மாறுதுன்னு தெரியும்.

கருத்து ஒத்து போகலன்னா

மூணாவது அதிகாரம் வந்தப்ப ஆம்பூர் அண்ணன் களத்து ராத்திரிய பத்தி பேசவே வேண்டாம்னாரு, தம்பி பேசியே ஆகணும்னான், சத்தம் ஏறிடுச்சு. நர்ஸ் அம்மா ஒரு வழி சொன்னாங்க: வசனத்துல என்ன இருக்கு, என்ன இல்லன்னு மட்டும் மொதல்ல எழுதுங்க, உங்க அபிப்பிராயம் அப்புறம். எழுதினோம். ராத்திரி, போவாஸ் காலடில படுத்தா, போர்வைய விரிக்க சொன்னா, விடியிற வரைக்கும் இருந்தா, ஆறு படி தானியம் வாங்கிட்டு வந்தா. அதுக்கு மேல நடந்துச்சுன்னும் இல்ல, நடக்கலன்னும் இல்ல. கட்டுரைலயும் அப்படியே, எங்களுக்குள்ள இதுல ரெண்டு கருத்து இருக்குன்னு ரெண்டையும் எழுதினோம். வகுப்பு எடுத்தவர் அந்த பத்திய தான் நல்லா இருக்குன்னு சொன்னாரு. வலுக்கட்டாயமா ஒரே முடிவுக்கு வர வேண்டிய அவசியமே இல்ல.

டைப்பிங் விஷயம் சீக்கிரமா சொல்லிடறேன். எல்லாரும் யூனிகோட்ல அடிங்க, யாராவது டி.டி.பி. கடைல பாமினிங்கிற பழைய ஃபாண்ட்ல அடிச்சு கொண்டு வந்தா ஒட்டும்போது எல்லாம் குப்பையா மாறும், எங்களுக்கு ஒரு ராத்திரி அதுலயே போச்சு. எல்லாத்தையும் ஒண்ணா சேக்குற ஃபைல் ஒருத்தர் கைல இருக்கட்டும், மத்தவங்க போன்ல வாய்ஸ் டைப்பிங்ல அனுப்பலாம். வாட்ஸ்அப் குரூப்ல காலை வணக்கம், வசன படம் போடுறதுக்கு தனி குரூப் வச்சுக்கோங்க. பேசி முடிச்சத அன்னிக்கே நாலு வரியாவது எழுதி தேதி போட்டு வைங்க, இது கடைசி ரெண்டு பக்கத்துக்கு ரொம்ப ரொம்ப தேவைப்படும்.

அந்த ரெண்டு பக்கம்

பெரும்பாலானவங்க இதுல தான் கோட்ட விடுறாங்க. "இந்த ப்ராஜெக்ட் மூலமா ஒற்றுமையா வேலை செய்ய கத்துக்கிட்டேன், ரூத்தின் அன்பு என்னை தொட்டது, அனைவருக்கும் நன்றி"ன்னு எழுதுவாங்க. ரூத்த படிக்காமலே இத எழுதலாம். என்னோட மொத டிராப்ட்டும் கிட்டத்தட்ட இதே தான், டீச்சரம்மா படிச்சுட்டு, "இதுல நீ எங்கம்மா இருக்க?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க.

அப்புறம் தேதி போட்ட நோட்ட எடுத்தேன். மொத வாரம் நான் என்ன நெனச்சேன், அஞ்சாவது வாரம் என்ன நெனைக்கிறேன், நடுவுல எது மாத்துச்சு, யாரு சொன்னாங்க. இத மட்டும் தேடுங்க. ஒண்ணு ரெண்டு எடம் கெடச்சா போதும், அத விவரமா எழுதுங்க. எனக்கு கெடச்சது ரெண்டு, ஒண்ணு சுதந்தரவாளி, இன்னொண்ணு நகோமி.

நான் மொத வாரம் எழுதி வச்சிருந்தது, "நகோமி விசுவாசத்துல பலவீனமானவள், ரூத் பலமானவள்". அப்படி தான் கேட்டு வளர்ந்தேன். நாலாவது வாரம், என்னை நகோமின்னு கூப்பிடாதீங்க, மாராள்னு (கசப்புன்னு அர்த்தம்) கூப்பிடுங்க, சர்வவல்லவர் எனக்கு மிகுந்த கசப்ப கட்டளையிட்டாருன்னு அவங்க சொல்ற எடத்த படிச்சப்ப நர்ஸ் அம்மா படிக்கிறத நிறுத்திட்டாங்க. அவங்க மகன் எறந்து போய் எட்டு வருஷம் ஆகுது. வேலை செஞ்ச காலத்துல எத்தனையோ பேருக்கு ஆறுதல் சொன்னவங்க. "எல்லாரும் என்கிட்ட, முறுமுறுக்காதம்மா, ஸ்தோத்திரம் சொல்லுன்னாங்க. இவ சாமி பேர சொல்லியே சாமி மேல கோவப்படுறா, அதையும் எடுத்து பைபிள்ல வச்சிருக்காங்களே"ன்னாங்க. கொஞ்ச நேரம் யாரும் பேசல. நான் நோட்ல மொத வாரம் எழுதினத அடிக்கல, அதுக்கு கீழ தேதி போட்டு புதுசா எழுதினேன்: நகோமிய அந்த புத்தகத்துல யாரும் கண்டிக்கல. ஊர் பொம்பளைங்களும் இல்ல, ரூத்தும் இல்ல, கதை சொல்றவரும் இல்ல. திரும்ப முழுசா படிச்சு சரி பாத்தேன், இல்ல.

இதுல கண்டிப்பா ஒண்ணு செய்யணும். அடுத்தவங்க வாழ்க்கைல இருந்து ஏதாவது உங்க பேப்பர்ல எழுதறதா இருந்தா மொதல்ல அவங்க கிட்ட படிச்சு காட்டி கேளுங்க. குழுல நம்பி சொன்னது அது. நான் அந்த பத்திய நர்ஸ் அம்மா வீட்டுக்கு எடுத்துட்டு போய் படிச்சு காட்டினேன், ஒரு வரிய எடுக்க சொன்னாங்க, எடுத்தேன். இங்க எழுதினதும் அவங்க சரின்னு சொன்ன அளவு தான்.

உங்க பங்கு எவ்ளோன்னும் நேரா எழுதுங்க. நான் ரெண்டு வாரம் வரல, டைப்பிங் முழுக்க தம்பி தான் பண்ணினான், அத அப்படியே எழுதினேன். யாரு எது செஞ்சாங்கன்னு பேர் சொல்லி பாராட்டுறது நல்லது, குறை சொல்றத அந்த பேப்பர்ல வைக்காதீங்க, ஆள நேர்ல பாத்து பேசிக்கலாம்.

இன்னொண்ணு, பதில் கெடைக்காத கேள்வி ஒண்ணாவது அந்த ரெண்டு பக்கத்துல இருக்கட்டும். என்னோடது: நாலாவது அதிகாரத்துல ரூத் ஒரு வார்த்தை கூட பேசல. மூணு அதிகாரம் அவளோட பேச்சால தான் கதையே நகருது, நான் போறேன், நான் பொறுக்குறேன், போர்வைய விரியுங்கன்னு. நாலாவதுல ஆம்பளைங்க வாசல்ல உக்காந்து பேசுறாங்க, பொம்பளைங்க கொழந்தைக்கு பேர் வைக்கிறாங்க, கொழந்தை நகோமி மடில இருக்கு, பெத்தவ ஒண்ணும் சொல்லல. ஆறு பேரும் ஆறு காரணம் சொன்னோம், எனக்கு எதுவும் பத்தல.

தரங்கம்பாடில ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் பழைய ஏற்பாட்ட தமிழ்ல கொண்டு வர ஆரம்பிச்சு ரூத் வரைக்கும் முடிச்சிருந்தப்ப 1719ல எறந்துட்டாருன்னு வகுப்புல சொன்னாங்க, மீதிய பெஞ்சமின் சூல்ட்சே முடிச்சாரு. எங்க கட்டுரை முன்னுரைல இத தான் வச்சோம். ஒருத்தர் விட்ட எடத்துல இன்னொருத்தர் எடுத்து, அப்புறம் பப்ரிசியஸ், ரேனியஸ், பவர்னு கை மாறி தான் அந்த புத்தகம் நம்ம கைக்கு வந்திருக்கு.

சப்மிட் பண்றதுக்கு மொத நாள் ராத்திரி ஸ்பைரல் பைண்டிங் கடைல கூட்டம் இருக்கும், ரெண்டு நாள் முன்னாடியே போயிடுங்க. வகுப்புக்கு ஒண்ணு போக ஆளுக்கு ஒரு காப்பி எடுங்க, குடியாத்தம் ஆயாவுக்கு நாங்க தனியா ஒண்ணு பெரிய எழுத்துல எடுத்து குடுத்தோம், மரக்கால திருப்பி குடுக்க போன அன்னிக்கு.